படகுகளை எண்ணிய பத்திரிகைக்காரர்

டைட்டானிக்கோடு கடலில் போன டபிள்யூ. டி. ஸ்டெட்டும், அவர் கொடுத்த புத்தகத்தால் அடையாற்றுக்கு வந்து சேர்ந்த அம்மையாரும்

பெரம்பூரில் 29சி பஸ் ஏறினால் மயிலாப்பூரைத் தாண்டி, அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, பெசன்ட் நகரில் கொண்டுபோய் இறக்கிவிடும். பக்கத்திலேயே பெசன்ட் அவென்யூ. திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் டாக்டர் பெசன்ட் ரோடு. லண்டனில் பிறந்த ஒரு பெண்மணியின் பெயர் இந்த ஊரில் இப்படி வேரூன்றியதற்குக் காரணம் பிரம்ம ஞான சபை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சபையின் வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய மனிதரைத்தான் தெரியாது.

உலகம் அவரை வேறொரு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கிறது. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் கப்பலோடு அட்லாண்டிக்கில் மூழ்கிய சுமார் 1,500 பேரில் அவர் ஒருவர். வில்லியம் தாமஸ் ஸ்டெட். வயது 62. கப்பலில் இருந்தவர்களில் கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டருக்கு அடுத்தபடியாக அன்று பிரபலமான பெயர் ஸ்டெட்தான் என்று சொன்னால் ஆட்சேபிப்பவர்கள் குறைவு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய கப்பல் ஒன்று மூழ்குகிறது, ஏற்றிவிடப் படகு போதவில்லை, ஜனங்கள் கூட்டமாகச் சாகிறார்கள் என்று அதற்கு 26 வருஷம் முன்பே அச்சில் எழுதியவரும் இவரே.

இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லிப் புல்லரித்துக்கொள்பவர்கள் உண்டு. அவரே ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர் என்பதால் அந்தக் கதை இன்னும் சுலபமாக விலைபோகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவர் செய்தது எண்ணிப் பார்த்தது. எண்ணிய பிறகு என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்பதுதான் விஷயம்.

டார்லிங்டனிலிருந்து சிறைக்கு

1849 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தின் வடகோடியில் எம்பிள்டன் என்ற கிராமத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். 22 வயதில் டார்லிங்டன் நகரத்தின் 'நார்தர்ன் எக்கோ' தினசரிக்கு ஆசிரியர். ஆசிரியர் நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஒரு பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்த அனுபவம்கூடக் கிடையாது. 1876-இல் பல்கேரியாவில் துருக்கியப் படை நடத்திய படுகொலைகளைப் பற்றி அந்தச் சின்ன ஊரிலிருந்து எழுதிய எழுத்து லண்டன் வரை கேட்டது. 1880-இல் 'பால் மால் கெஜட்' என்ற லண்டன் மாலைப் பத்திரிகைக்கு உதவி ஆசிரியராகப் போனார். 1883-இல் ஆசிரியரானார்.

இன்று நாம் பத்திரிகை என்று நினைக்கும் பல சங்கதிகள் அவர் கையில்தான் வடிவம் பெற்றன. பத்திக்கு நடுவே குறுந்தலைப்பு, பேட்டி, படம், வரைபடம், ஒரே பிரச்சினையை விடாமல் தினந்தோறும் அடிப்பது. 1884 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் போய் ஜெனரல் கார்டனைப் பேட்டி கண்டு வெளியிட்டார். அதில் கிளம்பிய சூட்டில் அரசாங்கம் கார்டனை சூடானுக்கு அனுப்பியது. மறு வருஷம் கார்ட்டூமில் கார்டன் கொல்லப்பட்டார். ஒரு பேட்டிக்கு இத்தனை பலம் இருக்கலாமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அதே 1884-இல் பிரிட்டிஷ் கடற்படை எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று தொடர் எழுதி, அரசாங்கத்தைக் கூடுதல் பணம் ஒதுக்க வைத்தார்.

உச்சம் 1885 ஜூலை. லண்டனில் சிறுமிகள் விபசாரத்துக்கு விற்கப்படுகிறார்கள் என்று நிரூபிக்க, 13 வயதுச் சிறுமி ஒருத்தியை 5 பவுனுக்குத் தாமே ஆள் வைத்து 'வாங்கினார்'. அவளைப் பிரான்ஸுக்கு அனுப்பிவைத்துவிட்டு, வாங்கிய கதையைப் பத்திரிகையில் போட்டார். லண்டன் கொதித்தது. ரயில்வே ஸ்டேஷன்களில் கடை வைத்திருந்த டபிள்யூ. எச். ஸ்மித் கம்பெனி பத்திரிகையை விற்க மாட்டேன் என்றது. விற்றுக்கொடுக்கத் தன்னார்வலர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது: பெண்ணின் சம்மத வயது 13-லிருந்து 16 ஆயிற்று.

நவம்பரில் ஸ்டெட் சிறைக்குப் போனார். சிறுமியின் தகப்பனிடம் சம்மதம் வாங்கவில்லை, ஆகவே ஆள்கடத்தல் என்றது தீர்ப்பு. மூன்று மாத தண்டனை. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 10-ஆம் தேதி அந்தக் கைதி உடுப்பைப் போட்டுக்கொண்டு லண்டனில் நடமாடுவது அவர் வழக்கம். தியாகமும் விளம்பரமும் இந்த மனிதரிடம் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதே சட்டத்தில் கடைசி நேரத்தில் செருகப்பட்ட ஒரு பிரிவின் கீழ்தான் பத்து வருஷம் கழித்து ஆஸ்கார் வைல்டு சிறைக்குப் போனார். வைல்டு ஸ்டெட்டின் பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதியவர்.

 

இரண்டு தடிப் புத்தகங்கள்

1887 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் கூடிய வேலையற்றவர்களையும் ஐரிஷ் ஆதரவாளர்களையும் போலீஸும் குதிரைப்படையும் அடித்து விரட்டின. அன்று ஊர்வலத்தில் வந்தவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். பாதிரியார் கணவரைப் பிரிந்தவர், நாத்திகப் பிரசாரகர், சோஷலிஸ்ட். கருத்தடை பற்றிய புத்தகத்தை சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து வெளியிட்டதற்காக 1877-இல் கூண்டில் நின்றவர். அதைக் காரணம் காட்டிப் பெற்ற மகளையே கோர்ட் அவரிடமிருந்து பிரித்தது. அடுத்த ஞாயிறு போலீஸ் விரட்டியதில் காயம்பட்டு ஆல்பிரட் லின்னல் என்ற குமாஸ்தா செத்துப்போனார். அவர் சவப்பெட்டியோடு ஸ்டெட்டும் பெசன்ட்டும் நடந்தார்கள். அங்கே இறுகியது சிநேகம்.

1888-இல் இருவரும் சேர்ந்து 'தி லிங்க்' என்ற அரைப் பென்னி வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். அது ஒரு வருஷம்கூட ஓடவில்லை. ஆனால் அந்த ஜூன் மாதம் பெசன்ட் அதில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் கூலி, அபராதம் பற்றி எழுதிய கட்டுரை ஜூலையில் வேலைநிறுத்தமாக வெடித்தது. சுமார் 1,400 பெண்கள் வெளியேறினார்கள். கம்பெனி இறங்கி வந்தது. சங்கம் பிறந்தது.

சரியாக முப்பது வருஷம் கழித்து, 1918 ஏப்ரல் 27-இல், பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளிகளுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது தலைவராக உட்கார்ந்தவர் பி. பி. வாடியா. அடையாற்று சபைக்காரர், பெசன்ட்டின் வலதுகை. கூட நின்றவர் திரு.வி.க. 29சி பஸ் ஓடும் பாதையைப் போட்டவர்கள் இந்தச் சரித்திரத்தை யோசித்திருக்க மாட்டார்கள், ஆனால் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே திரு.வி.க. பெயரில் பாலம் நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி புத்தகத்துக்கு வருவோம். 1889-இன் தொடக்க மாதங்கள். பிரம்ம ஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஹெலினா பிளவாட்ஸ்கி எழுதிய 'தி சீக்ரெட் டாக்ட்ரின்' இரண்டு தடித்த பாகங்களாக மதிப்புரைக்கு வந்து ஸ்டெட்டின் மேஜையில் கிடந்தது. அண்டம் உண்டான கதை முதல் மனிதன் உண்டான கதை வரை அதில் உண்டு. ஆபீஸ் இளைஞர்கள் ஒருவரும் தொடவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் பித்துள்ளவர் நீங்கள்தான், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பெசன்ட்டிடம் நீட்டினார் ஸ்டெட். வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்த பெசன்ட்டுக்குப் பக்கம் புரளப்புரளக் கண் திறந்ததாம். அவரே சுயசரிதையில் சொல்கிறார். ஏப்ரலில் மதிப்புரை வெளிவந்தது. நூலாசிரியரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு ஸ்டெட் அறிமுகக் கடிதமும் கொடுத்தார். மே மாதம் பெசன்ட் சபையில் சேர்ந்துவிட்டார்.

அந்த வேளையில் பிளவாட்ஸ்கியின் பெயர் அப்படியொன்றும் சுத்தமாக இல்லை. 1884-இல் சென்னையிலேயே 'கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்' அவருடைய கடிதங்கள் என்று சிலவற்றை வெளியிட்டு, அடையாற்றில் நடந்த அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடு செய்த வித்தை என்று குற்றம் சாட்டியிருந்தது. லண்டனிலிருந்து அடையாற்றுக்கு ஆள் அனுப்பி விசாரித்த ஆவி ஆராய்ச்சிச் சங்கமும் 1885-இல் மோசடி என்றே அறிக்கை தந்தது. அந்த வருஷம் அடையாற்றை விட்டுப் போன பிளவாட்ஸ்கி திரும்பவே இல்லை. முதலில் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு வா என்று பிளவாட்ஸ்கியே பெசன்ட்டிடம் சொன்னார். படித்துவிட்டுத்தான் சேர்ந்தார் பெசன்ட். (கப்பல் பற்றிய கட்டுரையாதலால் ஒரு தகவல்: 1871-இல் கிரேக்கக் கடலில் 'யூனோமியா' என்ற கப்பல் வெடித்து மூழ்கியதில் பிழைத்த சிலரில் பிளவாட்ஸ்கியும் ஒருவர் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள்.)

மற்றவை நமக்குத் தெரிந்த கதை. 1893 நவம்பர் 16-இல் தூத்துக்குடியில் கரையிறங்கினார் பெசன்ட். 1907-இல் சபைத் தலைவர். 1914-இல் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' பத்திரிகையை வாங்கி 'நியூ இந்தியா' ஆக்கினார். ஒரே கோரிக்கையை விடாமல் நாள்தோறும் அடிக்கும் ஸ்டெட் பாணியை அப்போது சென்னை பார்த்தது. அரசாங்கம் 1916-இல் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அதைப் பறிமுதல் செய்து, பிறகு 10,000 கேட்டது. 1917 ஜூனில் ஊட்டியில் காவலில் வைத்தது. அந்த டிசம்பரிலேயே அவர் காங்கிரஸ் தலைவர். எல்லோரும் மயங்கிவிடவில்லை. பாரதியார் 1914-இல் 'பொன்வால் நரி' என்ற ஆங்கிலக் கதையில் அம்மையாரையும் சபையையும் கிழித்துத் தொங்கவிட்டார்.

இத்தனைக்கும் ஒரு மதிப்புரைப் பிரதி காரணம் என்று சொல்வது அதிகப்படியாகத் தோன்றலாம். அந்தப் பிரதி வேறு ஆள் கைக்குப் போயிருந்தால் பெசன்ட் லண்டன் சோஷலிஸ்டாகவே முடிந்திருக்கவும் கூடும்.

கதையாக எழுதிய செய்தி

1886 மார்ச் 22. சிறையிலிருந்து வெளிவந்து இரண்டு மாதம். 'பால் மால் கெஜட்'டில் ஒரு கதை வருகிறது. அட்லாண்டிக்கில் இரண்டு நீராவிக் கப்பல்கள் மோதிக்கொள்கின்றன. உயிர் பிழைத்த ஒரு மாலுமி சொல்வதுபோல நடை. கப்பலில் உள்ள எல்லோருக்கும் படகு இல்லை என்பது அவனுக்கு முன்பே தெரியும், உள்ளுக்குள் அரித்துக்கொண்டேயிருக்கிறது. மோதல் நடந்ததும் அவன் பயந்தபடியே ஆகிறது. கதையின் அடியில் ஆசிரியர் குறிப்பு: படகு குறைவாக வைத்துக் கப்பல்களைக் கடலுக்கு அனுப்பினால் இதுதான் நடக்கக்கூடும், நடக்கும் என்கிற பொருளில்.

1892 கிறிஸ்துமஸுக்கு இன்னொரு கதை. அப்போது அவர் கெஜட்டை விட்டு 'ரிவ்யூ ஆஃப் ரிவ்யூஸ்' என்ற மாதப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். சிகாகோ கண்காட்சிக்குப் போகும் பயணிகள் ஒயிட் ஸ்டார் கம்பெனியின் 'மெஜஸ்டிக்' கப்பலில் ஏறுகிறார்கள். பனிப்பாறையில் மோதி உடைந்த வேறு கப்பலில் தப்பியவர்களை அது காப்பாற்றுகிறது. மெஜஸ்டிக் நிஜக் கப்பல். டைட்டானிக்கும் அதே கம்பெனியுடையது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா, தன் சாவைத் தானே கண்டார் என்று முடித்துவிடுகிறார்கள். பாதிரியார் வீட்டுப் பிள்ளையான ஸ்டெட் கூட்டல் கழித்தலும் தெரிந்தவர். கப்பலில் எத்தனை பேர், படகுகளில் எத்தனை இடம் என்று கேட்டால் வருகிற விடைக்கு ஞானதிருஷ்டி வேண்டாம்.

நான் யோசிப்பது வேறு. கடற்படைக்குப் பணம் வேண்டும் என்றபோது தொடர் எழுதினார், மந்திரிகளைத் துளைத்தார். சிறுமிகளுக்காகச் சிறைக்கே போனார். படகு விஷயத்தை மட்டும் ஏன் ஒரு நாள் கதையாகப் போட்டுவிட்டு நகர்ந்தார்? 1886-இன் அந்த மாதங்களில் அவர் பத்திரிகை எதைத் துரத்திக்கொண்டிருந்தது என்று பார்த்தால் பதில் தெரிகிறது. சர் சார்லஸ் டில்க் என்ற அரசியல்வாதியின் பெயர் ஒரு விவாகரத்து வழக்கில் அடிபட்டது. அவரைப் பொதுவாழ்வை விட்டே விரட்ட வேண்டும் என்று ஸ்டெட் மாதக்கணக்கில் எழுதினார். பிரதமராகக்கூட வரக்கூடியவர் என்று பேசப்பட்ட டில்க்குக்கு அந்த வாய்ப்பு ஒழிந்தே போயிற்று. படுக்கையறைப் பாவத்துக்கு மாதங்கள், படகுக்கு ஒரு மாலை. ஒழுக்கக்கேடு என்றால் எழும் ஆவேசம் அலட்சியத்தைக் கண்டால் எழாது. இது ஸ்டெட்டோடு முடிந்த வியாதி இல்லை. பத்திரிகைத் தொழிலில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு.

இதற்கிடையே பிரிட்டிஷ் அரசாங்கம் போட்ட விதியைப் பாருங்கள். 1894-இல் படகு எண்ணிக்கைக்குப் பட்டியல் வகுத்தார்கள். கப்பலின் டன் கொள்ளளவை வைத்துக் கணக்கு, ஆள் எண்ணிக்கையை வைத்து இல்லை. 10,000 டன்னும் அதற்கு மேலும் என்று பட்டியல் முடிந்தது: 16 படகு. டைட்டானிக் 46,328 டன். அதில் 20 படகு இருந்தது, சட்டம் கேட்டதற்கு மேல் நாலு. 1,178 பேருக்கு இடம். புறப்பட்டபோது இருந்தவர்கள் சுமார் 2,200 பேர்.

கடைசிப் பயணம்

கடைசி இருபது வருஷ ஸ்டெட் இரண்டு ஆள். ஒருவர் சமாதானத் தூதர்: போயர் யுத்தத்தை எதிர்த்து நண்பர்களை இழந்தார், ஹேக் சமாதான மாநாடுகளுக்கு ஓடினார், நோபல் சமாதானப் பரிசுக்குப் பல முறை முன்மொழியப்பட்டார். 1906-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக லண்டன் வந்த காந்தி, போயர் தலைவர்களிடம் சொல்லி உதவும்படி ஸ்டெட்டின் ஆதரவைத் தேடினார்.

இன்னொருவர் ஆவிகளின் குமாஸ்தா. 1891-இல் இறந்துபோன ஜூலியா ஏம்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் கையைப் பிடித்து எழுதுவதாகச் சொன்னார். 'பார்டர்லேண்ட்' என்று இதற்கே ஒரு பத்திரிகை. 1907-இல் மூத்த மகன் இறந்த பிறகு ஈடுபாடு இன்னும் முற்றியது. 1909-இல் லண்டனில் 'ஜூலியாவின் பீரோ' திறந்து, செத்தவர்களோடு பேச விரும்புவோருக்கு வழிசெய்தார். பழைய சிநேகிதர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

1912 ஏப்ரலில் நியூயார்க் கார்னகி ஹாலில் சமாதானம் பற்றிப் பேச அழைப்பு. 10-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் டைட்டானிக் ஏறினார், முதல் வகுப்பு.

சாப்பாட்டு மேஜையில் கதை சொல்வதில் மன்னன். 12-ஆம் தேதி ராத்திரி, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஓர் எகிப்திய மம்மியின் சாபம் பற்றிச் சொன்னார். அதைக் கேட்ட பிரெடரிக் சீவர்டு என்ற பயணி பிழைத்துக் கரையேறிப் பத்திரிகையாளர்களிடம் சொல்ல, கதை உருண்டு உருண்டு டைட்டானிக்கில் மம்மி இருந்தது, அதன் சாபத்தால்தான் மூழ்கியது என்றாகிவிட்டது. நம் வாரப் பத்திரிகைகளும் இதைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்திருக்கின்றன. அது மம்மியே இல்லை, சவப்பெட்டிக்குள் வைக்கும் வண்ணம் தீட்டிய மரப்பலகை. மியூசியத்தில்தான் இருந்தது.

14-ஆம் தேதி இரவு 11.40-க்குப் பனிப்பாறை. 2.20-க்குக் கப்பல் இல்லை. அந்த இடைவேளையில் ஸ்டெட் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்ற உதவினார் என்கிறது ஒன்று. புகைபிடிக்கும் அறையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார் என்கிறது ஒன்று. தண்ணீரில் ஆஸ்டரோடு ஒரு மிதவையைப் பற்றிக்கொண்டு, குளிரில் கை விறைத்துப் பிடியை விட்டார் என்கிறது மூன்றாவது. படிக்கிறவர்களுக்குப் புத்தகம்தான் பிடித்திருக்கிறது. அதுவே அதிகம் பரவியது. அவர் உடல் கிடைக்கவில்லை.

அந்தக் கப்பலில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். மெட்ராஸ் ராஜதானியின் குண்டூரில் லூத்தரன் மிஷனரிகளுக்குப் பிறந்த ரூத் பெக்கர், 12 வயது. தம்பிக்கு உடம்பு சரியில்லையென்று அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார். அப்பா குண்டூரிலேயே இருந்தார். தம்பியும் தங்கையும் 11-ஆம் எண் படகில் ஏற்றப்பட்டார்கள், அம்மா அதில் தாவி ஏறினார், ரூத் 13-ஆம் எண்ணில் தனியாகப் போனாள். எல்லோரும் பிழைத்தார்கள். அவர்கள் இரண்டாம் வகுப்பு.

வகுப்பைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் விசாரணைக் கணக்குப்படி முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் 27. ஏழைகள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். படகு மேல்தளத்தில் இருந்தது. முதலில் இறங்கிய படகுகள் பாதி காலியாகவே போயின.

எல்லோருக்கும் படகு

ஸ்டெட் இறந்த பிறகும் மீடியம்கள் அவரை விடவில்லை. அவர் பேசுவதாக லண்டனிலும் அமெரிக்காவிலும் தகவல்கள் 'வந்த' வண்ணம் இருந்தன. மகள் எஸ்டெல் 1922-இல் 'தி புளூ ஐலண்ட்' என்ற புத்தகத்தையே அப்படி வெளியிட்டார். லண்டன் தேம்ஸ் கரையில் அவருக்கு வெண்கல நினைவுச்சின்னம் இருக்கிறது, அதன் மறு வார்ப்பு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில். டார்லிங்டனில் அவர் குதிரையைக் கட்டிவைத்த கல்லைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

1886-இல் அவர் கேட்டது 1914 ஜனவரி 20-ஆம் தேதி கையெழுத்தானது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்: கப்பலில் உள்ள எல்லோருக்கும் படகில் இடம் வேண்டும், பெரிய கப்பல்களில் வயர்லெஸ் ராப்பகல் ஓயக்கூடாது, பனிப்பாறைகளைக் கண்காணிக்க ரோந்து வேண்டும். அந்த ஆகஸ்டில் யுத்தம் வந்து ஒப்பந்தம் கிடப்பில் போயிற்று. 1929-இல் புதிதாக எழுதினார்கள்.

புதிதாக எழுதியபோது ஒரு விதிவிலக்கும் வைத்தார்கள். படுக்கை வசதியில்லாமல் தளத்திலேயே உட்கார்ந்து போகும் பயணிகளைக் கூட்டமாக ஏற்றும் கப்பல்கள், ஹஜ் யாத்திரைக் கப்பல்கள் போன்றவை, முழு விதியையும் கடைப்பிடிக்க இயலாது என்று கம்பெனிகளும் காலனி அரசாங்கங்களும் சொல்லின. அவற்றுக்காக 1931-இல் சிம்லாவில் தனி விதிகள் வகுத்தார்கள். சிம்லா ரூல்ஸ் என்று பெயர். கப்பல் கட்டுமானத்திலும் உயிர்காப்புச் சாதனங்களிலும் தளர்வு.

அந்தத் தளர்வுக்குள் வந்த கூட்டம் பெரும்பாலும் நம்மவர்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'ரஜுலா' 1926-இல் கட்டப்பட்டது; சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல் அது. டைட்டானிக்கில் இருந்த மொத்த ஜனத்தைப்போல் இரண்டு மடங்கு. ரப்பர் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் பாயை விரித்து இடம் பிடித்துக்கொண்டு, தூக்குச்சட்டியை அணைத்துக்கொண்டு அதில் போய்வந்தன. சிம்லா ரூல்ஸுக்குப் பதிலாகப் புதிய சர்வதேச உடன்பாடு 1971-இல் வந்தது. ரஜுலா 1973-இல் ஓய்வுபெற்றது.